என் சி.வி.யில் புகுந்த ஷட்டில்

ஆலங்குடி,
ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை ரகுநாத் அவர்களுக்கு,

தங்கள் அக்காள் கணவன் வீரய்யா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அக்கா செவந்தியும் சுகம். அங்கு தாங்கள் சுகமா என்று விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. ஆனால் விசாரிக்காமல் விட்டால் உங்கள் அக்கா இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்க விடமாட்டாள் என்பதால் விசாரிக்கிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். போனில் சொன்னால் நடுவில் சிரிக்கிறீர்கள். கடிதத்தைப் படித்துச் சிரித்தால் எனக்குக் கேட்காது.

மஸ்கட் கம்பெனியை மூடியதும் ஊருக்கு வந்த நான், பத்தொன்பது வருஷம் பைப் வெல்டிங் செய்த கை இருக்கிறது, இங்கேயே ஏதாவது ஒரு பட்டறையில் சேர்ந்துகொள்ளலாம் என்றுதான் இருந்தேன். 'அதெல்லாம் அந்தக் காலம் மச்சான், இப்ப இங்கிலீஷ்ல சி.வி. வேணும், கவர் லெட்டர் வேணும்' என்று சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு சொன்னது தாங்கள். புதுக்கோட்டையில் அந்த இங்கிலீஷ் வகுப்பில் என்னைக் கேட்காமலே என் பெயரைப் பதிந்ததும் தாங்கள். கவர் லெட்டர் என்றால் கவரும் அதற்குள்ளே லெட்டரும் என்று நினைத்து, முதல் நாளே அஞ்சு கவர் வாங்கிக்கொண்டு புதுக்கோட்டை பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். வகுப்பில் என் பெரிய மகள் வயதில் இருபது பிள்ளைகள். சொல்லிக்கொடுப்பது கார்த்திகா மிஸ் என்ற பெண், இருபத்தஞ்சு வயசு இருக்கலாம். நான் பயோடேட்டா என்று சொன்னதற்கு, 'சார், பயோடேட்டா பொண்ணு பாக்கக் குடுக்கிறது, வேலைக்குக் குடுக்கிறது சி.வி.' என்றது. இருபது பேரும் சிரித்தார்கள். கவரை எல்லாம் பைக்குள் அமுக்கி வைத்துக்கொண்டேன்.

முதல்ல ஆப்ஜெக்டிவ்னு ஒன்னு எழுதணுமாம். மிஸ் போர்டுல எழுதிப் போட்டுச்சு, சவாலான பணிச்சூழலை நான் தேடிக்கிட்டிருக்கேன்னு அதுக்கு அர்த்தமாம். "சவால் எல்லாம் எனக்கு வேணாம் மிஸ், அம்பது டிகிரி வெயில்ல பத்தொன்பது வருஷம் பாத்தாச்சு. நெழலா ஒரு ஷெட்டு, மத்தியானம் சோத்துக்கு அரைமணி நேரம், அதை எழுதுங்க"ன்னேன். எழுதலை. அடுத்து உங்க பலவீனம் என்னன்னு கேட்டுச்சு. முட்டி வலின்னேன். "ஒடம்புல உள்ளது இல்ல சார், கொணத்துல உள்ளது." அதுக்கு எங்க வீட்டுல கேட்டா ரெண்டு பக்கம் வருமேன்னேன். அதுவும் வேணாமாம். எடுத்த வேலையை முடிக்காம விடமாட்டேன், அதுதான் என் பலவீனம்னு போடணுமாம். தன்னைத் தானே மெச்சிக்கிறதுக்குப் பேரு பலவீனமா மாப்பிள்ளை? உங்க கம்பெனியில எல்லாரும் இப்பிடித்தான் சேந்தீங்களா? கவர் லெட்டர்ல, உங்க விளம்பரத்தைப் பாத்ததும் நான் பரவசமானேன்னு மொத வரி. "நான் பரவசம் ஆகலீங்க மிஸ், கெடைக்குமோ கெடைக்காதோன்னு கவலையாத்தான் இருந்துச்சு." "கவலையை எல்லாம் எழுதக் கூடாது சார்." சரி, போகுது. கடைசியா ஹாபி. கடலைக்காட்டுல களை எடுப்பேன்னேன், அது வேலையாம். தூங்குவேன்னேன், அதை எழுத முடியாதாம். பக்கத்து பெஞ்சுல எட்டிப் பாத்தேன், இருபது பேருக்கும் பாட்டு கேக்குறது, ஷட்டில் ஆடுறதுன்னே இருந்துச்சு. எனக்கும் அதையே போட்டு பிரிண்ட் எடுத்துக் கையில குடுத்துருச்சு. நானும் வாங்கிக்கிட்டேன். அது என் தப்புன்னு உங்க அக்கா சொல்றா.

செவ்வாக்கெழமை இன்டர்வியூ. கீரனூர் தாண்டித் திருச்சி ரோட்டுல ஒரு பெரிய ஷெட்டு, கொதிகலனுக்குப் பைப் செய்யிற கம்பெனி. மேனேஜர் பேரு ஆத்மநாதன். மனப்பாடம் பண்ண இங்கிலீஷை எல்லாம் ஒப்பிக்கலாம்னு வாயைத் தொறக்குறேன், அந்த மனுசன் நேரா ரெண்டாம் பக்கத்துக் கடைசி வரிக்குப் போயிட்டாரு. மொகம் அப்பிடியே மலந்துபோச்சு. "ஷட்டிலா! வர்ற ஞாயித்துக்கெழமை பக்கத்துக் கம்பெனியோட மேட்ச், எங்களுக்கு ஒரு ஆள் கொறையுது. வாங்க வீரய்யா, ரெண்டு கேம் போட்ருவோம்." ஷெட்டுக்குப் பின்னாடி நெட்டு கட்டி வச்சிருக்காங்க. நான் போட்டிருந்தது உங்க கல்யாணத்துக்கு எடுத்த ஷூ. மட்டையை எந்தப் பக்கம் புடிக்கிறதுன்னு யோசிக்கிறதுக்குள்ள இறகுப்பந்து மூக்குக்கு நேரா வருது. ஓடுனேன். ஓடுனது மட்டுந்தான் தெரியும். முட்டி ஒரு பக்கம் மடங்குது, ஷூ ஒரு பக்கம் வழுக்குது, புடிக்க ஒன்னும் இல்லாம நெட்டைப் புடிச்சேன், கம்பு ரெண்டும் சாஞ்சு நெட்டோட போயி மேனேஜர் மேலயே விழுந்தேன்.

எந்திரிச்சு மண்ணைத் தட்டிக்கிட்டே அவர் கேட்டாரு. "அப்ப ஷட்டில் பொய்யா?"

"பொய்தாங்க சார்."

"அப்ப இந்தப் பத்தொன்பது வருஷமும் பொய்யா இருக்கலாமே?"

மாப்பிள்ளை, அந்த நாட்டுல என் கையில தெறிச்ச பொறித் தழும்பு எத்தனைன்னு உங்க அக்காவுக்குத் தெரியும். முழுக்கை சட்டையை இன் பண்ணிப் போட்டுக்கிட்டுப் போகணும்னு அந்த மிஸ் சொல்லியிருந்துச்சு. பட்டனை அவுத்துக் கையைக் காட்ட வெக்கமா இருந்துச்சு. "ஒரு டெஸ்ட் பீஸ் குடுங்க சார், ஒட்டிக் காமிக்கிறேன்"னேன். சொல்லி அனுப்புறோம்னுட்டாரு. சொல்லி அனுப்புறோம்னா என்னன்னு நமக்குத் தெரியாதா?

மறுநாள் வகுப்புக்குப் போனேன். படிக்க இல்ல. இருபது பிள்ளைக முன்னாடி நின்னு, "ஒங்க ஷட்டில் என் பத்தொன்பது வருஷத்தைத் தின்னுருச்சு மிஸ். வெல்டிங் ராடு எதுன்னே தெரியாத நீங்க எனக்கு வெல்டிங்கைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதுனீங்க. நாளைக்கு இந்தப் பிள்ளைக அத்தனையும் ஒரே ஆளா போயி நிக்கப் போகுதுக"ன்னு கத்திட்டு வந்துட்டேன். அந்தப் பொண்ணு சாக்பீஸைக் கையில வச்சுக்கிட்டு அப்பிடியே நின்னுச்சு. கொஞ்சம் அதிகமாப் பேசிட்டீங்கன்னு உங்க அக்கா நாலு நாளா சொல்றா. நான் ஒத்துக்கலை.

ஆகவே தாங்கள் இனிமேல் எனக்கு எந்த வகுப்பும், எந்த லிங்க்கும், எந்த யோசனையும் அனுப்ப வேண்டியதில்லை என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். நான் கடலைக்காட்டோடு இருந்துகொள்கிறேன். தங்கள் மனைவிக்கு எங்கள் விசாரிப்பைச் சொல்லவும். குழந்தை நூறு வயசு நல்லா இருக்கட்டும். அதற்குத் தாங்கள் சி.வி. எழுதாமல் இருந்தாலே அது நல்லா இருக்கும்.

இப்படிக்கு,
வீரய்யா

பின்குறிப்பு: இதை ஒட்டி வச்சிட்டு, திங்கக்கெழமை காலையில தபால் ஆபீசுக்குப் போகச் சட்டை மாட்டும்போது கீரனூர்ல இருந்து போன் வந்துச்சு. அதனால அனுப்பாம வச்சிருந்து, இன்னைக்குப் புதன்கெழமை பிரிச்சு எழுதுறேன். சனிக்கெழமை கார்த்திகா மிஸ் தனியா பஸ் ஏறிக் கீரனூருக்கே போயிருக்கு. மேனேஜர் முன்னாடி நின்னு, "ஷட்டில் நான் எழுதுன பொய் சார். அவர் சொன்னது வேற, நான்தான் கேக்கலை. அந்த ஒரு வரியை அடிச்சிட்டு மத்ததைப் படிங்க"ன்னு சொல்லியிருக்கு. நேத்து என்னைக் கூப்புட்டு டெஸ்ட் பீஸ் குடுத்தாங்க. ஒட்டுனதை அறுத்துப் பாத்துட்டு, மேனேஜர் ஒரு டீ வாங்கிக் குடுத்தாரு. வர்ற திங்கக்கெழமை வேலையில சேருறேன். நேத்து திரும்பி வர்ற வழியில வகுப்புல எறங்கி மன்னிப்புக் கேக்கலாம்னு போனா, அந்தப் பொண்ணு என் மன்னிப்பைக் காதுலயே வாங்கலை, எங்க நோட்டீஸ் போர்டுல மாட்ட ஒரு போட்டோ குடுங்க சார்னு கேட்டுச்சு. ஸ்டுடியோவுக்குப் போயி எடுத்துட்டேன். ஒரு காப்பி இத்தோட வச்சிருக்கேன், உங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் காட்டுங்க. கோட்டும் டையும் ஸ்டுடியோக்காரருடையது. அதை மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்க.