ஒரு வண்டி டால்

"டால்னுதானே பாபு சொன்னார்னேள்?"

"டால்னுதான் சொன்னார்."

"அப்போ இது என்னன்னா?"

வாசலில் நின்ற மாட்டுவண்டியைச் சீதாராமன் மறுபடி பார்த்தான். மறுபடி பார்த்ததால் அது பருப்பாகிவிடவில்லை. வண்டி கொள்ளாமல் மரக்கிளைகள். ஒன்றில் காக்கைக்கூடுகூட இருந்தது.

அவன் பவானிபூருக்கு வந்து மூன்று மாதம்தான். மரக் கம்பெனியில் குமாஸ்தா. பெஹாலாவுக்கு அப்பால் இருந்த கம்பெனிக் காட்டில் போன கோடையில் தீப்பிடித்ததால், இந்த வருஷம் துரை முன்கூட்டியே நெருக்கமான மரங்களைக் கழிக்கச் சொல்லிவிட்டார். கழித்த கிளைகள் காய்ந்து கிடந்தன. "நெருப்புப் பிடிக்கறதுக்குள்ளே டாலை எடுத்துண்டு போறியா?" என்று தலைமைக் குமாஸ்தாவான பெரிய பாபு வங்காளத்தில் கேட்டார். சீதாராமனுக்குப் புரிந்தது டால் ஒன்றுதான். கூலிகளுக்கு வாங்கி மிஞ்சிய பருப்பாக்கும் என்று தலையாட்டினான். அன்று மாலையே தமிழர்கள் கூடும் பஜனையில் எழுந்து, ராமநவமிச் சாப்பாட்டுக்குப் பருப்பு தன் பொறுப்பு என்று அறிவித்தும்விட்டான்.

ராமநவமி நாளைக்கு.

"இங்கே கிளைக்கும் டால்தானாம், வண்டிக்காரன் சொல்றான்," என்றாள் மனைவி விஜயலக்ஷ்மி. "சமையலுக்குன்னு விவரமாச் சொல்லுங்கோ."

ஓடிப்போய், பாதி கை ஜாடையாகச் சொன்னான். "சமையலுக்குத்தானே? ஜோராக எரியும்," என்று பாபு மகிழ்ந்து இன்னொரு வண்டி அனுப்பினார்.

"ஒடைச்ச பருப்புன்னு சொல்லுங்கோளேன்."

சொன்னான். உடைத்த சுள்ளியாக இரண்டு வண்டி வந்தது. எதிர்வீட்டு வங்காளிப் பெரியவர் தம் வீட்டு ஜன்னலைத் திறக்க முடியாமல் உள்ளிருந்தே ஏதோ சொன்னார். நல்லவேளை, அதுவும் புரியவில்லை.

"விறகுப் பொறுப்பு மஹாதேவன் மாமாவோடது. வங்காளம் அவருக்குத் தண்ணிபட்ட பாடு. அவரையே பாபுகிட்ட பேசச் சொல்லலாமே?"

"அந்த மனுஷன் ஆயுசுக்கும் சிரிப்பார்டி. நாளைக்கு ஊரே வெறும் ரசத்தைக் குடிச்சுட்டு என்னைப் பார்க்கப் போறது."

அப்போது கொல்லைக் கதவு தட்டப்பட்டது. வாசல் வழி அடைபட்டிருக்கவே, மஹாதேவனின் மனைவி சாவித்ரி சந்து சுற்றி வந்திருந்தாள்.

"யார்கிட்டேயும் சொல்லிடாதே, விஜயம்," என்றாள் மூச்சு வாங்க. "அடுப்புக்குச் சுள்ளி வேணும்னு, எங்காத்து மாமா கடைக்காரன்கிட்ட டால் டால்னு நாலு தரம் அழுத்திச் சொல்லியிருக்கார். கூடமெல்லாம் துவரம்பருப்பு மூட்டை, காலை வைக்க இடமில்லே. எங்கேயாவது ஒரு கட்டு விறகு கிடைக்குமாடி?"