கெம்பா அங்கிளின் புட்டுத் தூண்

நிலநடுக்கமே வராத நாட்டில் அதற்காகவே என்ஜினியரானவர் உலகத்தில் எங்கள் கெம்பா அங்கிள் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். மலாய் மொழியில் கெம்பா என்றால் நிலநடுக்கம். அவருடைய சொந்தப் பெயரை வீட்டாரே மறந்துவிட்டதாகக் கேள்வி.

தொண்ணூறுகளின் தொடக்கம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். நான் அங்கே பிளான் வரைபவன். கீழே லோரி போய் ஜன்னல் அதிர்ந்தால் அங்கிள் கையை உயர்த்துவார். ஆபீஸே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அவர் முகத்தில் கல்யாணக் களை வரும். பிறகு, "லோரி," என்று சோர்ந்து உட்காருவார். வாழை இலைக் கடைக்குப் போனால் தூணைத் தோளால் இடித்துப் பார்த்த பிறகே ரசம் கேட்பார்.

அப்போது கிள்ளானில் ஒரு மேம்பால வேலை கிடைத்தது. தூண்களை கான்கிரீட் யார்டில் துண்டுதுண்டாக வார்த்து, லோரியில் கொண்டுவந்து அடுக்குவதாகத் திட்டம். நடுவே எஃகுக் கேபிளைக் கோத்து இறுக்கிக் கட்டினால், பூமி ஆடும்போது தூணும் கொஞ்சம் ஆடிவிட்டுப் பழையபடி நிமிர்ந்துகொள்ளும் என்பது அங்கிளின் வாதம்.

"நம்ம நாட்டுல எங்க அங்கிள் ஆடுது?" என்றார் பாஸ்.

"சுமத்ராவில ஆடினா? இமிக்ரேஷன்ல பாஸ்போர்ட் கேட்டு நிப்பாட்டுவினமோ?"

"சரி லா, செஞ்சு காட்டுங்க. நின்னா கேபிள் போடுவோம். விழுந்தா இந்த ஆபீஸ்ல இனி நீங்க பூகம்பப் பேச்சே எடுக்கக் கூடாது."

மூச்சு விடாதே என்று சொன்ன மாதிரிதான். ஆனாலும் அங்கிள் ஒப்புக்கொண்டார்.

மறுநாள் தூண் வந்தது. குழல் புட்டு. யாழ்ப்பாணத்துக்காரர், வேறு எதில் செய்வார்? மாவு ஒரு துண்டு, தேங்காய்ப்பூ ஓர் இணைப்பு, மறுபடி மாவு. கேபிளுக்குப் பதில் நடுவில் ரப்பர் பேண்ட். பாஸின் மேசையில் நிமிர்த்தி வைத்து, "ஆட்டுங்கோ தம்பி!" என்றார். நான் ஆட்டக்கூட இல்லை. மேசையைத் தொட்டேன், அவ்வளவுதான். தூண் பொலபொலவென்று உதிர்ந்தது. ரப்பர் பேண்ட் பறந்து பாஸின் நெற்றியில் சுள்ளென்று அடித்தது.

அங்கிள் அங்கேயே மனைவிக்குப் போன் போட்டார். "என்னப்பா, ஏன் இவ்வளவு மெத்தெண்டு அவிச்சனீர்?"

பதில் ஆபீஸ் முழுக்கக் கேட்டது. "ஆபீஸ் ஆக்கள் சாப்பிடப் போகினமெண்டு நினைச்சன். ஆட்டுற புட்டெண்டு முதலே சொல்லியிருந்தா கல்லு மாதிரி அவிச்சிருப்பனே!"

அங்கிள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். லோரி போகும்போது தூக்கின கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொள்வார். பார்க்கச் சகிக்காது.

சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் ஜன்னல் அதிர்ந்தது. நிற்கவில்லை. மேலே விளக்கு ஊஞ்சலாடியது. கீழே லோரியைக் காணோம். நான் மிகுந்த வீரத்துடன் எல்லோருக்கும் முன்னால் படியிறங்கி ஓடினேன். கடைசியாக வந்தவர் அங்கிள். உதட்டைக் கடித்தபடி பாஸையே பார்த்துக்கொண்டு நின்றார், வகுப்பில் ஒன்றுக்குப் போக அனுமதி கேட்கும் பையன் மாதிரி.

"ஐயோ, பேசுங்க அங்கிள்! பேசுங்க!" என்று கத்தினார் பாஸ்.

ஆயுசு முழுக்க இதற்காகக் காத்திருந்த மனிதர். ஒரு பெரிய லெக்சர் வரப்போகிறது என்று தயாரானோம். அவர் எங்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"எல்லாரும் இறங்கியாச்சோ?" என்று மட்டும் கேட்டார்.

அன்று சாயங்காலமே தூணின் நடுவில் கேபிளை வரையச் சொன்னார் பாஸ். நான் வரைந்த கோடுகளிலேயே கோணாமல் வந்தது அது ஒன்றுதான்.