என்னை ரைட் அவுட்டாக எடுத்தார்கள்

ஃபுட்பால் டீமுக்கு ஆள் எடுக்கிறவர்களை நான் நம்புவதே இல்லை. காரணம், என்னையே ஒருத்தர் எடுத்திருக்கிறார்.

எழுபதுகளின் ஆரம்பம். அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட்டு, நட்டு செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் நான் டெம்ப்ரவரி ஹெல்பர். சங்கு ஊதியதும் வாட்ச்மேன் கேட்டைச் சாத்திவிடுவார் என்பதால் கள்ளிக்குப்பத்திலிருந்து தினமும் ஓட்டம்தான். சைக்கிள்களை வெட்டி, லாரிக்கும் சுவருக்கும் நடுவே புகுந்து, கையிலிருக்கும் தூக்கில் குழம்பு சிந்தாமல் ஓடுவேன். (சீக்கிரம் கிளம்பலாமே என்று கேட்காதீர்கள். அந்த வயதில் யார் சீக்கிரம் எழுந்தார்கள்?) இதை மாடி அறையிலிருந்து எங்கள் மானேஜர் பார்த்துவிட்டார். கம்பெனி டீமுக்கு வலது ஓரமாகப் பந்தோடு ஓட ஒரு ரைட் அவுட் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்த மனுஷன் அவர்.

கூப்பிட்டனுப்பினார். சீட்டைக் கிழிக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டே படியேறினேன்.

"ஞாயித்துக்கிழமை ஆவடி டீமோட மேட்ச். நீதான் ரைட் அவுட். நானே பாத்து எடுத்த ஆளுன்னு ஹெட் ஆபீஸ்ல சொல்லிட்டேன். நல்லா ஆடு, பெர்மனென்ட் பண்ணிடறேன்."

"ஆடலேன்னா சார்?"

"ஆடத் தெரியாத டெம்ப்ரவரிய எதுக்கு வெச்சிக்கணும்?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறந்ததிலிருந்து நான் பந்தை உதைத்ததே கிடையாது. அதை அவர் கேட்கவும் இல்லை, சொல்ல எனக்கு வாயும் வரவில்லை.

வேலையோடு போகிற விஷயமாக இருந்தால்கூடப் பரவாயில்லை. பட்டாபிராமில் எனக்கு மல்லிகா என்ற பெண்ணைப் பேசி வைத்திருந்தார்கள். "மொதல்ல பெர்மனென்ட் ஆவட்டும் மாப்ளே. அப்பால பத்திரிகை அடிக்கலாம்" என்று அவளுடைய அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். வேலை போனால் மல்லிகாவும் போய்விடுவாள். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் கேப்டன், லேத் ஓட்டும் டர்னர் ஏழுமலை, பயிற்சி கொடுக்க வந்தான். நான் உதைத்த முதல் உதையில் பந்து அங்கேயே நின்றது, இரவல் பூட்ஸ் பறந்துபோய் விழுந்தது. ஏழுமலை தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

மேட்ச் அன்று ஆவடி மைதானத்தில் என்னைத் தனியே இழுத்துப் போனான். "மாமே, நீ ஒண்ணியும் பண்ணாத. பந்து உன்னாண்ட வந்தா, அதோ அந்த வேப்பமரம் தெரியுதே, அத்தப் பாத்து ஓடு. போஸ்ட்டாண்ட போனதும் ஒரே ஒதை. மத்தத சாமி பாத்துக்கும்."

என்னைத் தடுக்க நின்ற ஆவடி ஆள், கதவு அகலத்துக்கு இருந்தான். கேட்டான்: "தம்பிக்குக் கல்யாணம் ஆச்சா?"

"பேசிக்கினு கீறாங்கண்ணே."

"அப்ப பாத்து ஆடு" என்றான். ஓரத்தில் மல்லிகாவின் அப்பா வேறு சலவை வேட்டியில் சொந்தக்காரர்கள் புடைசூழ உட்கார்ந்திருந்தார். பாதி ஆட்டம் வரை பந்து வந்த பக்கமெல்லாம் நான் இல்லாமல் பார்த்துக்கொண்டேன். மானேஜர் பல்லைக் கடிப்பது தூரத்திலிருந்தே தெரிந்தது.

இடைவேளை விசில் ஊதியதும் வயிறு தாங்கவில்லை. புதர்ப்பக்கம் ஓடிவிட்டேன். மறுபடி விசில் கேட்டு அரக்கப்பரக்க ஓடிவந்தேன், பந்து நேராக என் காலடியில் வந்து நின்றது. ஐயோ, இப்போது விட்டால் எல்லாம் போச்சு! வேப்பமரத்தைப் பார்த்து ஓடினேன்.

ஆச்சரியம், அந்தக் கதவு மனுஷன் என்னைத் துரத்தவே இல்லை. ஆவடிக்காரர்கள் ஒருத்தர்கூடத் தடுக்கவில்லை. என் வேகத்தில் மிரண்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். பின்னாலேயே ஏழுமலை "டேய்! டேய்!" என்று அலறிக்கொண்டு வந்தான். உற்சாகப்படுத்துகிறானாம்! இன்னும் வேகமாக ஓடி, பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு உதைத்தேன்.

கோல்!

மைதானமே அதிர்ந்தது. கதவு மனுஷன் ஓடிவந்து என்னைத் தோளில் தூக்கிக்கொண்டான். "தம்பி, எங்க டீமுக்கு இவ்ளோ நல்லா யாருமே ஆடுனதில்ல!" என்றான். அப்போதுதான் வலைக்குள் விழுந்து கிடந்த எங்கள் கோல்கீப்பரைப் பார்த்தேன். இடைவேளைக்குப் பிறகு இரண்டு டீமும் பக்கம் மாறும் என்பது எனக்குத் தெரியாது. (ஏழுமலை சொல்லியிருப்பான். நான் புதரில் அல்லவா இருந்தேன்!) அந்த ஒரே கோலில் தோற்றோம்.

ஆட்டம் முடிந்ததும் அந்தத் தடியன் என்னை மறுபடி தோளில் ஏற்றி ஊர்வலம் விட்டான். ஃபுட்பாலில் அ, ஆ தெரியாத மல்லிகாவின் அப்பா மானேஜரிடம் ஓடி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "கோல் போட்ட ஒரே ஆளு எங்க மாப்ளதான் சார்! பெர்மனென்ட் எப்போ தரீங்க?"

செத்தேன் என்று முடிவு கட்டினேன். மானேஜர் பக்கத்தில் நின்ற ஹெட் ஆபீஸ் அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவன்தான் நீங்க பாத்து எடுத்த ஆளா?"

மானேஜர் பிடிபட்டிருந்த கையை உருவிக்கொண்டார். "ஆமா சார். வேகத்தப் பாத்தீங்களா? திசைதான் கொஞ்சம்... கத்துக் குடுத்துடலாம்."

ஆள் எடுக்கிறவர்கள் தாங்கள் எடுத்தது தப்பு என்று ஒருநாளும் ஒத்துக்கொள்வதில்லை. அந்த வீம்பில்தான் என் பெர்மனென்ட் ஆர்டர் வந்தது. ஓட்டமே தேவைப்படாத ஸ்டோர்ஸ் வேலை. மைதானத்துப் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்றார்கள். மல்லிகாவுக்கும் எனக்கும் கல்யாணம் ஆனது.

கல்யாணப் பந்தியிலேயே ஏழுமலை உண்மையைப் போட்டு உடைத்துவிட்டான். மாமனாருக்குப் பாயசம் புரையேறியது. மல்லிகா மட்டும் அன்று ஒன்றும் சொல்லவில்லை. அதற்கும் சேர்த்து இத்தனை வருஷமாகப் பேரப்பிள்ளைகள் வரைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்:

"அந்த மானேஜராவது ஒரே மேட்ச்சோட உக்கார வெச்சிட்டாரு. எங்க நைனா எடுத்துக் குடுத்த ஆள நான் இன்னும் ஆட வெச்சிக்கினு கீறேன்!"