மேகத்துக்கு நான் போட்ட தரம்

ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் எத்தனை தோல் தொழிற்சாலை இருக்கிறதோ, அத்தனையிலும் ஒரு கிறுக்கன் உண்டு. ஆனால் எங்களுக்கு வாய்த்தவனைப் போல ஒருவன் உலகத்தில் வேறெந்தத் தொழிற்சாலைக்கும் வாய்த்திருக்க மாட்டான். கப்பலில் போன சரக்கு பூஞ்சை பிடித்து, வாங்கினவன் போனில் அரை மணி நேரம் கத்திய நாளில்கூட எனக்கு ரத்தம் அவ்வளவு கொதித்ததில்லை. இவன் காலையில் கேட்டுக்கு வெளியே நின்று அண்ணாந்து பார்ப்பதைக் கண்டாலே கொதிக்கும்.

பெயர் மேகம். அவன் அம்மா வைத்த பெயர் வேறு. அது வருகைப் பதிவேட்டில் இருந்தது, வேறெங்கும் இல்லை. மெக்கானிக்கல் இன்ஜினியர். முப்பத்திரண்டு வயது, தாடியில் அங்கங்கே நரை. பாய்லர், பம்பு, மின்விசிறி எல்லாம் அவன் பொறுப்பு. நான் தோலைத் தரம் பிரிக்கிற பகுதிக்குத் தலைமை. தோல் காய்கிற கூடமும் முற்றமும் என் கையில். ஆக, அவன் செய்கிற கோணங்கித்தனம் ஒவ்வொன்றும் நேராக வந்து என் தலையில்தான் விடியும்.

வந்து சேர்ந்த முதல் மாதமே ஆரம்பித்தான். கூடத்தின் ஒரு மூலையில் தொங்குகிற தோல் மட்டும் காயவே காயாது. "ஃபேனை ரிப்பேர் பாரு" என்று சொல்லி அனுப்பினேன். வந்தவன் கையில் திருப்புளி இல்லை. சாம்பிராணித் தட்டு இருந்தது. நாலு மூலையிலும் புகையைப் போட்டுவிட்டு, நடுவில் ஸ்டூல் மேல் ஏறி நின்று புகை போகிற திசையை வேடிக்கை பார்த்தான். வெளியே இருந்தவர்கள் தீப்பிடித்துவிட்டது என்று ஓடினார்கள். முதலாளி பாய் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"அரே, இன்னா இது? உள்ள தர்கா கட்டிட்டியா?"

"காத்து கண்ணுக்குத் தெரியாது பாய். புகை தெரியும்ல? பாருங்க, அந்த மூலைல காத்து சுத்திக்கினே நிக்குது, வெளிய போவல. ஃபேன்ல ரிப்பேர் இல்ல. மாட்டின எடம்தான் தப்பு."

பாய் என் பக்கம் திரும்பினார். "இவனை யாரும்மா வேலைக்கு எடுத்தது?"

"நீங்கதான் பாய்."

விசிறியை இடம் மாற்றினோம். அந்த மூலையும் காய்ந்தது. அதை நான் அவனிடம் ஒப்புக்கொள்ளவில்லை. தோலிலிருந்து சாம்பிராணி வாசனை போக ஒரு வாரம் ஆனது. அதை மட்டும் தினமும் சொல்லிக் காட்டினேன்.

அதற்கப்புறம் ஜோசியம் பிடித்துக்கொண்டது. தோலில் பாதி, கூரை இல்லாத முற்றத்தில் காயும். மழை வந்தால் மொத்தமும் கறை. தினமும் காலையில் வந்து நிற்பான். "அக்கா, இன்னைக்கு மூணு மணிக்கு மழை." ஆட்களை எல்லாம் விட்டு தோலை உள்ளே இழுப்போம். மூணு மணிக்கு வெயில் மண்டையைப் பிளக்கும். மறுநாள் "இன்னைக்கு வராதுக்கா, தைரியமா போடுங்க" என்பான். போடுவோம். கொட்டித் தீர்க்கும். நாங்கள் கோழி பிடிக்கிற மாதிரி முற்றத்தில் ஓடுவோம். இவன் நனைந்துகொண்டே, முகமெல்லாம் பல்லாக வருவான்.

"தப்பாய்டுச்சுக்கா! ஏலகிரி மலைப் பக்கத்துலேர்ந்து வந்திருக்குது. நான் எதிர்பாக்கவே இல்ல!"

லாட்டரி விழுந்தவன்கூட அப்படிச் சிரிக்க மாட்டான்.

"நீ கத்துக்கறதுக்கு என் தோலுதான் கெடச்சுதா?"

"தப்பானாத்தானேக்கா ஏன்னு யோசிக்க முடியும்?"

அன்றைக்கு முடிவு கட்டினேன். காயவைக்கிற பதிவேட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு எழுத ஆரம்பித்தேன். தேதி, மேகம் சொன்னது, வானம் செய்தது, ரைட்டா தப்பா. வருஷக் கடைசியில் பாய் முன்னால் அதைப் பிரித்துப் போட்டு இவன் வாயை அடைக்க வேண்டும் என்பதுதான் என் திட்டம். ஒருநாள் அவனே அதைப் பார்த்துவிட்டான். கோபப்படுவான் என்று காத்திருந்தேன். "நான் எத்தனை மணிக்கு சொன்னேன்னும் எழுதுங்கக்கா, உபயோகமா இருக்கும்" என்றான். போதாததற்கு, நான் தப்பு என்று எழுதிய ஒவ்வொரு நாளுக்கும் பக்கத்தில் பென்சிலால் ஏன் தப்பு என்று குறித்து வைத்தான். இப்படிப்பட்ட ஆளிடம் எப்படித்தான் சண்டை போடுவது?

தோலின் ஈரம் பார்க்கிற என் மீட்டரை கேஸ் பலூனில் கட்டி மேலே விட்ட கதையும் உண்டு. நூல் அறுந்தது. மறுநாள் வாணியம்பாடிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பிலிருந்து போன் வந்தது. மீட்டரில் எங்கள் தொழிற்சாலை எண் ஒட்டியிருந்ததாம். தோப்புக்காரர் அதை வெடிகுண்டு என்று நினைத்து, குடும்பத்தோடு கட்டாந்தரையில் குப்புறப் படுத்திருக்கிறார். அவர் உருதுவில் திட்டியதை பாய் எனக்கு மொழிபெயர்க்க மறுத்துவிட்டார். மீட்டர் அதற்கப்புறம் எந்தத் தோலை வைத்தாலும் ஒரே எண்ணைக் காட்டியது.

இவ்வளவும் எதற்கு என்று பிறகுதான் தெரிந்தது. ஐயாவுக்கு வெளிநாட்டில் வளிமண்டல அறிவியல் படிக்க வேண்டுமாம். மூணு வருஷமாக விண்ணப்பம் போடுகிறான். பாலாற்றில் தண்ணீர் வந்த நாளைவிட இவனுக்கு 'இடமில்லை' என்று கடிதம் வந்த நாள் ஜாஸ்தி. இது நாலாவது முறை. இதுவும் இல்லையென்றால் ராணிப்பேட்டையில் மச்சான் நடத்துகிற ஷூ சோல் கம்பெனிக்கே போய்விடுகிறேன், இனி வானத்தைப் பற்றிப் பேச மாட்டேன் என்று விரிஞ்சிபுரத்தில் இருக்கிற அம்மாவிடம் சத்தியம் பண்ணியிருந்தான்.

"மெக்கானிக்கல் படிச்சவனுக்கு வானத்துல இன்னாடா வேலை?" என்று கேட்டேன்.

"ரெண்டும் ஒண்ணுதான்க்கா. சூடு, ஈரம், காத்து. அதே கணக்குதான். உங்க கூடத்துக்குக் கூரை இருக்குது, அதுக்கு இல்ல."

இதை எழுதினால் போதாதா? எழுதமாட்டான். ஏன் படிக்க ஆசை என்று ரெண்டு பக்கம் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தது பல்கலைக்கழகம். கேன்டீனில் என்னிடம் படிக்கக் கொடுத்தான். விரிஞ்சிபுரம் கோயிலில் குச்சியை வைத்தால் நிழல் விழுந்து மணி காட்டுகிற கல் ஒன்று உண்டு. சின்ன வயதில் இவன் மணி பார்க்கப் போகிற நேரமெல்லாம் மேகம் மறைத்துக்கொள்ளுமாம். அதிலிருந்து மேகத்தின் மேல் காதலாம். ஒரு முழுப் பக்கம் அந்தக் காதல். தொழிற்சாலை என்கிற வார்த்தை தேடினாலும் இல்லை.

"வானத்தைப் பாத்தேன், வியந்தேன்னு எழுதியிருக்க. வானத்தை யாருடா பாக்கல? எங்க வீட்டு ஆடுகூட பாக்குது. அந்த சாம்பிராணியை எழுது. பலூனை எழுது."

"தோல் கம்பெனின்னு போட்டா நாறும்க்கா. அவங்கெல்லாம் பெரிய ஆளுங்க."

"ஆறு வருஷமா இங்க சோறு துன்னும்போது நாறலையா?"

முகம் சுருங்கிப்போய்விட்டது. ஆனால் மறுநாள் வேறு காகிதத்தோடு வந்தான். முதல் வரியிலேயே சாம்பிராணி இருந்தது.

அடுத்த தலைவலி, சிபாரிசுக் கடிதம். மூணு பேர் தர வேண்டும். கல்லூரி வாத்தியார்கள் ரெண்டு பேரும் "நீயே எழுதிக்கினு வாப்பா, கையெழுத்துப் போடறேன்" என்று முடித்துவிட்டார்கள். அந்தப் பழக்கத்தில் எனக்கும் ஒன்று எழுதி எடுத்து வந்தான். 'நான் கண்டதிலேயே ஈடு இணையற்ற அறிவாளி' என்று ஆரம்பித்தது. கிழித்துப் போட்டேன்.

"இருபத்தொரு வருஷமா என் கையால பொரட்டிப் பாக்காத தோலுக்கு நான் கையெழுத்துப் போட்டதில்ல. உனக்கு மட்டும் போடுவேனா? போ. நானே எழுதறேன்."

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சரக்கு அனுப்பும்போது குறையைத்தான் முதலில் எழுதுவோம். உண்ணிக் கடி எங்கே, முள் கிழித்த கோடு எங்கே, சூட்டுத் தழும்பு எங்கே என்று. மறைத்து அனுப்பினால் வாங்குகிறவன் பிரித்துப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவான். மேகத்துக்கும் அப்படியே எழுதினேன். மழை நாளில் நேரத்துக்கு வரமாட்டான். என் மீட்டரைக் கெடுத்தவன். மழை பற்றி இவன் சொன்னதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் ரைட்டு, இதோ ஒன்றரை வருஷப் பதிவேட்டின் நகல். அப்புறம் கீழே, விசிறி விஷயம். தப்பு செய்த அன்றைக்கே தப்பு என்று சொல்லுவான், இந்தத் தொழிலில் நான் அப்படி அதிகம் பேரைப் பார்த்ததில்லை என்று கடைசி வரி.

கடிதத்தோடு கம்ப்யூட்டரில் ஒரு கேள்வி. நீங்கள் பார்த்த ஆட்களில் இவரை எங்கே வைப்பீர்கள்? நூறில் முதல் ஆள், முதல் ஐந்து, முதல் பத்து, முதல் இருபத்தைந்து என்று கட்டங்கள். யோசித்து, நாலாவது கட்டத்தைத் தொட்டேன். அனுப்பிவிட்டு, நல்ல காரியம் செய்த நிம்மதியோடு டீ குடித்தேன்.

மேகம் வந்தான். "இன்னாக்கா, முதல் கட்டம்தானே?"

"நாலாவது."

அவன் பக்கத்திலிருந்த தோல் அடுக்கின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "கொன்னுட்டீங்களேக்கா. எல்லாரும் முதல் கட்டம்தான் போடுவாங்க. ரெண்டாவது போட்டாலே கதை முடிஞ்சுது."

"எல்லாரும் முதல் தரமா இருந்தா அப்புறம் இன்னாத்துக்குடா கட்டம்?"

"அது அப்படித்தான்க்கா."

"சரி, திரும்பத் தொறந்து மாத்தறேன்."

"ஒருதரம் அனுப்பிட்டா தொறக்காதுக்கா."

அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு திட்டு திட்டி ஆறியிருப்பேன். மறுநாள் காலை கேட்டருகே அவன் அண்ணாந்து பார்க்கவில்லை. நேராக பாய்லர் அறைக்குப் போய்விட்டான். மழை பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பதிவேட்டில் ரெண்டு வாரம் வெறும் கோடுதான். பாய்கூடக் கேட்டார்: "மேகம் ஏன் சும்மா கீறான்? உடம்பு சரியில்லையா?" ஒரு மனுஷனை நாலாவது கட்டத்தில் தள்ளிவிட்டு, ராணிப்பேட்டைக்கு பஸ் ஏற்றப் பார்த்தவள் நான்தானே.

மூணாவது வாரம், சாயங்காலம் ஆறரைக்கு, மேகம் என் அறைக்கு ஓடி வந்தான். மூச்சு வாங்கியது. கையில் லேப்டாப்.

"ஒரு பேராசிரியர் அம்மா லைன்ல இருக்காங்கக்கா. என்கிட்ட பேசிட்டாங்க. இப்ப உங்ககிட்ட பேசணுமாம்."

சரக்குமேல் புகார் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். புகார் வந்தால் ஒதுங்குகிறவள் இல்லை நான். தலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். என் இங்கிலீஷ், வாங்குகிறவர்களிடம் சண்டை போட்டுப் பழகிய இங்கிலீஷ். அதிலேயே பேசினேன்.

மற்ற ரெண்டு பேரும் முதல் கட்டம் போட்டிருக்கிறார்களே, நீங்கள் ஏன் நாலாவது என்று கேட்டார்.

"நான் முதல் தரம்னு எழுதின தோலை விரல் விட்டு எண்ணிடலாம்" என்றேன். "எங்க நாலாந்தரமே மத்தவங்க முதல் தரத்தைவிட நல்லா நிக்கும்."

பதிவேட்டை வைக்கச் சொன்னது யார் என்று கேட்டார்.

"யாரும் சொல்லல. இவனைத் திட்டறதுக்கு வச்சேன்."

அந்த அம்மா சிரித்தார். சொன்னதையும் நடந்ததையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்பதுதான் எங்கள் வேலையே, விண்ணப்பிக்கிறவர்களில் யாரும் இப்படி ஒன்றைக் கொண்டு வந்ததில்லை என்றார். பென்சில் எழுத்து யாருடையது என்று கேட்டார். இவன் பக்கம் கையைக் காட்டினேன்.

"தப்பாகும்போது இவர் என்ன செய்வார்?"

"சிரிப்பான். அப்புறம் உக்காந்து ஏன்னு எழுதுவான். அதுதான் எனக்குத் தாங்க முடியாது."

"இவர் போய்விட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்?"

"நிம்மதி" என்றேன்.

இடம் கிடைத்தது. உதவித்தொகையோடு. பாய் எல்லாருக்கும் இனிப்பு கொடுத்துவிட்டு, "இனிமே கூடத்துல புகை வராதுல்ல?" என்று ரெண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். மேகம் கிளம்புகிற அன்று என் மேஜையில் புது ஈர மீட்டர் ஒன்றை வைத்துவிட்டுப் போனான். "பலூன்ல கட்டாதீங்கக்கா" என்றான். அந்தத் திமிரைப் பாருங்கள்.

புதிதாக வந்த இன்ஜினியர் நல்ல பையன். சொன்ன நேரத்துக்கு வருகிறான். அண்ணாந்து பார்ப்பதில்லை. எனக்கு ரத்தமே கொதிப்பதில்லை. டாக்டர்கூட ரத்த அழுத்த மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார்.

மேகம் மட்டும் அடங்கவில்லை. உலகத்தின் அந்தக் கோடியில் உட்கார்ந்துகொண்டு, இங்கே விடிவதற்குள் போனில் செய்தி அனுப்பிவிடுகிறான். நான் பதிவேட்டில் எழுத வேண்டுமாம். நேற்றுகூட வந்தது: "அக்கா, இன்னைக்கு ஆம்பூர்ல மூணு மணிக்கு மழை."

மூணு மணிக்குப் போய்ப் பார்த்தேன். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. "வரல. தப்பு" என்று பதில் போட்டேன்.

காலையிலேயே ஆட்களை விட்டு முற்றத்துத் தோல் மொத்தத்தையும் உள்ளே எடுத்து வைத்திருந்ததை மட்டும் எழுதவில்லை.