ஒரு காது குத்தியாச்சு, தெருவே தூங்கியாச்சு

பாரிவாக்கம்

பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய பொன்னம்மாள் அக்கா அவர்களுக்கு, தம்பி உதயகுமார் பணிந்து எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம். மற்ற எல்லாரும் தூக்கம். கொரட்டூரில் தாங்களும் மாமாவும் விழித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

என் மகள் மகிழினியின் காதுகுத்துக்குத் தங்களை நேரில் வந்து, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காதது என் தப்புத்தான். அன்று நல்ல மழை, வாட்ஸ்அப்பில் அழைத்துவிட்டேன். அதையாவது மன்னித்திருப்பீர்கள்; மெசேஜின் தலையில் 'ஃபார்வர்டு' என்று வேறு விழுந்துவிட்டது. அதற்காக அப்படி ஒரு வாய்ஸ் மெசேஜா அக்கா? "இன்னாடா, ஊட்டாண்ட வந்து கூப்ட கால் வலிக்குதா உனுக்கு? ஊருக்கு அனுப்புனத எனுக்கும் தள்ளி வுடுறியா? குழந்தை காதுல ஊசி பட்டவொடனே உன் தெருவே தூங்கட்டும். நீ மட்டும் முழிச்சிகினு வேடிக்கை பாரு. நான் வந்து கை நனைச்சாதான் எல்லாம் எழுந்துக்கணும்."

என் மச்சான் செல்வகுமார் அதைக் கேட்டுவிட்டு, "கோவத்துல எதனா சொல்லிகினு கீது, வுடு மாமே" என்றான். நான்தான் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். உன் கருநாக்கு எனக்குத் தெரியாதா? எதிர்வீட்டு மாமரத்தைப் பார்த்து "இன்னா இப்டி காய்க்குது" என்று நீ சொன்ன மறு வருடம் அதில் முருங்கைக்காய் காய்த்ததே.

அப்படியேதான் நடந்தது. தாய்மாமன் செல்வகுமார் மடியில் குழந்தையை உட்கார வைத்து, ஆசாரி ஒரு காதைக் குத்தினார், அவ்வளவுதான், பந்தலே குறட்டை விட்டது. இன்னொரு காதுக்கான கம்மலைக் கையில் பிடித்தபடியே ஆசாரி சரிந்துவிட்டார், என் மனைவி ஜோதிகா ஆரத்தித் தட்டோடு தூங்குகிறாள், சமையற்காரர் பிரியாணி அண்டாவுக்குள் கரண்டியை விட்டுக்கொண்டு நின்ற வாக்கிலேயே தூங்குகிறார், தெரு நாய் குரைக்கத் திறந்த வாயை மூடாமல் தூங்குகிறது. கொசு மட்டும் வேலையில் இருக்கிறது. உன் நாக்குக்கு அடங்காத ஒன்றும் உலகத்தில் உண்டு என்று தெரிந்துகொண்டேன்.

மகிழினியும் தூங்கவில்லை. பிறந்ததிலிருந்து எந்தத் தாலாட்டுக்கும் மசியாதவள், சாபத்துக்கா மசிவாள்? தாய்மாமனின் இரும்புப் பிடியில் மாட்டிக்கொண்டு கத்துகிறாள். அவனைக் கிள்ளினேன், தண்ணீர் தெளித்தேன், காதருகே போய் "பிரியாணி ரெடி" என்றேன். அதற்கே அவன் அசையவில்லை என்றால் பார்த்துக்கொள்.

கதைகளில் இப்படி ஆனால் குதிரையில் ஒரு ராஜகுமாரன் வருவான் என்பார்கள். இங்கேயும் ஒருத்தன் வந்தான், பைக்கில், கேக்கோடு. "அண்ணாத்தே, ஓடிபி சொல்லு" என்றான். நான் சொல்லி முடிப்பதற்குள் கேக்கைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டான்.

ஜோதிகா பேசாமல் இருப்பது முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. இப்போது அவள் எழுந்து என்னைத் திட்டினால் போதும் என்றிருக்கிறது. பயமாக இருக்கிறது அக்கா. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. நேரில் வரலாம் என்றால் குழந்தையை அவன் பிடியிலிருந்து எடுக்கவும் முடியவில்லை, விட்டுவிட்டு வரவும் மனசில்லை. ஆகவே, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய தாளில் என் கைப்பட எழுதித் தபாலில் அனுப்புகிறேன். நீ வந்து ஒரு வாய் சாப்பிட்டால் போதும். இனி ஆயுசுக்கும் உன்னை வாட்ஸ்அப்பில் அழைக்க மாட்டேன். இது மகிழினியின் குத்தாத காது மேல் சத்தியம்.

மாமாவுக்கு என் வணக்கம். இத்தனை வருடம் உன்னோடு வாழ்ந்தும் விழித்திருக்கிற அவருடைய ஆசி என் குழந்தைக்கு வேண்டும்.

தங்கள் நாக்குக்குக் கட்டுப்பட்ட தம்பி,
உதயகுமார்

பி.கு. (இது போட்டோவுக்குக் கீழே டைப் செய்தது): கடிதத்தைத் தபால்காரர் கையிலேயே கொடுக்கலாம் என்று பார்த்தால், அவரும் முதல் பந்தியில் இலைக்கு முன்னால் தூங்குகிறார். ஆகவே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறேன். மஞ்சள் நான்கு மூலையிலும் தெரிகிறதா பார். இது ஃபார்வர்டு இல்லை அக்கா, நானே எடுத்தது. நீலக் குறி விழுந்துவிட்டது, நீ பார்த்துவிட்டாய். மறுபடியும் வாட்ஸ்அப்பா என்று ஏதாவது சொல்லிவிட்டாயா அக்கா? எனக்கும் கொட்டாவி வருகிறது.