தானாக மூடும் மூன்று மடிப்புப் படம்

மெக்கலன் நகரத்துச் சந்தைத் திடலில் அந்தக் குளிர்காலம் முழுக்கக் கொட்டும் மழையிலும் வரிசை நின்றது. ரொட்டிக்கு அல்ல, உருளைக்கிழங்கு வறுவலுக்கும் அல்ல. ஓடில் மாஸ்டர் விற்கும் மூன்று மடிப்புப் படத்துக்கு! நடுப் பலகையில் ஒரு சூரியன். இருபுறமும் கதவுபோல இரண்டு பலகைகள். கெட்டவர் யாராவது வீட்டுக்குள் நுழைந்தால் அந்தக் கதவுகள் தாமாக மூடிக்கொள்ளுமாம். இது தெரியாமல் அரசாங்கம் போலீசுக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்கிறது, பாவம்!

நிபந்தனைகளும் உண்டு. படத்தை ஹீட்டருக்கு மேலேதான் மாட்டவேண்டும்; வீட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறதாம். யாரும் தொடக்கூடாது. மூடிக்கொண்டால் மாஸ்டரே வந்து திறப்பார். சும்மா வருவாரா? ஒவ்வொரு முறையும் காணிக்கை.

நேலேயின் மாமியார் கோட்லீவும் ஒன்றை வாங்கிக் கூடத்தில் மாட்டினார். அன்று மாலை நேலே வேலை முடிந்து வந்தாள். சற்று நேரத்தில் கதவுகள் மூடிக்கொண்டன. மாஸ்டர் வந்து திறந்துவிட்டுப் போனார். மறுநாளும் நேலே வந்தாள், மறுநாளும் மூடிக்கொண்டன.

"பாத்தியாடா வான்னஸ், உன் பொண்டாட்டி லட்சணத்தை! இவளைக் கண்டா படமே மூஞ்சியை மூடிக்குது."

"அதுக்கு நான் என்ன அத்தை பண்ணுவேன்?"

"வாயைப் பாரு! இந்த வீட்ல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நீ இருக்கணும்."

வான்னஸ் பீர் நுரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "கொஞ்ச நாள் உங்கம்மா வீட்ல இருந்துட்டு வாயேன், நேலே" என்றான்.

கட்டிய மனைவியைவிட ஒரு பலகை பெரிதாகப் போய்விட்டது அவனுக்கு! ஆனாலும் அவள் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. யோசித்தாள். எரிவாயுக் கட்டணத்துக்குப் பயந்து மாமியார் பகலெல்லாம் கம்பளிக் கோட்டோடு கிடப்பார், ஹீட்டரைத் தொடமாட்டார். குளிரில் விறைத்துப்போய் வந்து அதைத் திருகுவது தினமும் நேலேதான்.

அடுத்த நாள் மாலை மாஸ்டர் படத்தைத் திறந்து முடித்ததும் அவள் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஐயா, இன்னிக்கு ஹீட்டரைப் போடப்போறதில்ல. படம் மூடட்டும், நான் பெட்டியோட கிளம்பிடறேன்."

"குளிருதேம்மா..." என்று மாஸ்டர் நெளிந்தார்.

"உங்க சக்தி குளிர் காயுமா என்ன?"

காத்திருந்தார்கள். காப்பி ஆறிப்போயிற்று. கதவுகள் அசையவில்லை. நேலே எழுந்து ஹீட்டரை முழுக்கத் திருகிவிட்டு, மாமியாரையும் கணவனையும் வெளியே அழைத்துவந்து கூடத்தின் கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். உள்ளே மாஸ்டர் மட்டும். மூவரும் கண்ணாடி வழியே பார்த்தார்கள். அறை சூடேறியது. மாஸ்டருக்கு வேர்த்தது. படம் மெல்ல மூடிக்கொண்டது.

"அத்தை, இப்ப உள்ள இருக்கிற கெட்டவர் யாரு?"

நேலே உள்ளே போய்க் கதவுப் பலகையின் பின்புறத்தை நகத்தால் சுரண்டினாள். "மெழுகு! இதாலதான் கதவைச் சுவத்தோட ஒட்டித் திறந்து வெச்சிருக்காரு. சூடு பட்டா இளகிடும். கீலைச் சாய்வா அடிச்சிருக்காரு. பிடி விட்டா கதவு தானா மூடிக்கும்."

மாஸ்டர் தொப்பியைக்கூட எடுக்காமல் மழையில் இறங்கி ஓடினார். வான்னஸ் தலை குனிந்தான். கோட்லீவ் மட்டும் கன்னத்தில் கைவைத்து வியந்தார்.

"அடேயப்பா! கெட்டவனைச் சரியாக் காட்டிக் குடுத்துடுச்சே! அப்ப படத்துக்குச் சக்தி இருக்கத்தான் செய்யுது!"

நேலே மாமியாரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அத்தை, படத்தைத் திறக்கத்தான் மாஸ்டர் வரணும். மூளையை நீங்களே திறந்துக்கலாம்!"