சின்னம்மையை வென்றவன்

உலகில் சின்னம்மைக்கு அஞ்ச வேண்டாத மனிதர்கள் சிலரே. அவர்களில் தானே முதன்மையானவன் என்று அந்த ஆராய்ச்சி மாணவன், அக்கா வீட்டுக் கூடத்தில் நின்று, முறைப்படி அறிவித்தான்.

அக்கா வேலையாக வெளியூர் போன மறுநாளே அவளுடைய ஆறு வயது மகளுக்குக் கொப்புளம் கிளம்பியிருந்தது. அத்தானுக்கு இதுவரை சின்னம்மை வந்ததில்லை. மனிதர் மருத்துவமனைக்கு ஓடி, கைக்குழந்தைகளோடு வரிசையில் நின்று தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்து, மாடியறையைத் தாழிட்டுக்கொண்டார்.

"எழுபது கிலோ கைக்குழந்தை!" என்றான் அவன், கதவுக்கு வெளியே சாப்பாட்டுத் தட்டை வைத்தபடி.

"சிரி மச்சான், சிரி. பதினஞ்சு நாள்ல உனக்கு பிஎச்.டி. வைவா. கேள்வி கேக்க வெளிநாட்டுலேர்ந்து வர்ற பேராசிரியர் இன்னொரு தடவை வரமாட்டார். அன்னிக்குன்னு பாத்து நீ படுத்தா அஞ்சு வருஷ உழைப்பு அம்போ."

"அத்தான், என் ஆராய்ச்சியே நோய் எதிர்ப்புச் செல்லைப் பத்திதான். உங்க செல்லெல்லாம் நேத்து வேலைக்குச் சேந்த வாட்ச்மேன். திருடன் மூஞ்சியே தெரியாது. அடையாளம் கண்டுபிடிச்சு, ஆள் சேத்துக்கிட்டு வர்றதுக்குள்ள ஒரு வாரம் ஓடிடும். என்கிட்ட இருக்கிறது நினைவுச் செல். பழைய வாட்ச்மேன், கூட்டமா நிக்கிறான். திருடன் வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே கழுத்தைப் பிடிச்சிடுவான்."

"ரத்தம் சோதிச்சுப் பாத்தியா?"

"வென்றவனுக்கு எதுக்கு அத்தான் நுழைவுத் தேர்வு?"

குழந்தை அழுதாள், மடியில் போட்டுக்கொண்டான். பால் குடிக்க மாட்டேனென்றாள். அவள் டம்ளரிலேயே பாதியைக் குடித்துக் காட்டினான். தூங்க மாட்டேனென்றாள், அவள் போர்வைக்குள் நுழைந்து கதை சொன்னான்.

"முகமூடியாவது போட்டுக்கோடா!" என்று மாடியிலிருந்து குரல் வந்தது.

"என் செல்லுக்குப் பயிற்சி கெட்டுடும்!"

மூன்றாம் நாள் மாலை அக்கா வந்தாள். மகள் அவன் தோளில் தொங்கியபடி, அவன் சட்டையிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அக்கா பெட்டியைக் கீழே போட்டாள்.

"டேய், அவளை எறக்கு!"

"எனக்குத்தான் நாலு வயசுலயே வந்துடுச்சேக்கா. உடம்பெல்லாம் செக்கச்செவேல்னு இருந்துச்சுன்னு அம்மா சொல்லிச் சொல்லி மாய்வாங்களே!"

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அது சிவப்புப் பேனாடா."

அவன் குழந்தையை மெல்ல இறக்கிவிட்டான்.

"எனக்குக் கணக்குப் பரீட்சை. வீட்ல யாருக்காவது அம்மைன்னா பள்ளிக்கூடம் வரவேண்டாம்னு டீச்சர் சொல்லியிருந்தாங்க. நீ அசந்து தூங்கிட்டிருந்த. கணக்கோட நிறுத்தியிருக்கலாம், அடுத்தது அறிவியல். தினமும் புள்ளியைப் புதுப்பிச்சேன்."

"அரிச்சுதேக்கா! இன்னும் ஞாபகம் இருக்கு!"

"அரிக்குதான்னு அம்மா கேட்டாங்க. அம்மா எதைக் கேட்டாலும் நீ ஆமான்னுவ."

மருத்துவமனைத் தடுப்பூசி வரிசையில் அவனுக்கு முன்னால் பதினொரு பேர். பதினொருவரும் அம்மா இடுப்பில் இருந்தார்கள்.

செவிலியர் தலை நிமிராமல் கேட்டார்: "அடுத்த பாப்பா யாரு? சட்டையைக் கழட்டுங்க."

அவன் கழட்டினான்.